புகைக்குழாய் இல்லாத கார் எத்தனை கிராம் புகை விடும்?

மின்சாரக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே மச்சான் கேட்டுவிட்டார்: "உங்க வண்டியில புகை இல்ல மாப்ள, சரி. நெய்வேலியில புகையுதே, அது யார் கணக்கு?"

கேலிதான், ஆனால் கேள்வி நியாயமானது. புகைக்குழாயை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் மின்காருக்கு எதிராளியே கிடையாது. பேட்டரி செய்த ஆலை, கரண்ட் வந்த அனல்மின் நிலையம், பெட்ரோல் வடித்த சுத்திகரிப்பு ஆலை எல்லாவற்றையும் சேர்த்தால்தான் போட்டியே தொடங்கும். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இவ்வளவு எப்படி என்றால், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கூடச் சேர்ந்துகொள்கிறது. ஊருக்குள் ஓட்டும் சிறிய எஸ்யூவி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 165 கிராம். கச்சா எண்ணெய் எடுப்பது, கப்பலில் வருவது, சுத்திகரிப்பது என்று இன்னும் ஐந்தில் ஒரு பங்காவது ஏறும். 200 கிராம் என்று எழுதிக்கொண்டோம்.

அடுத்து மின்கார். என் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.15 யூனிட் குடிக்கிறது. சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவது, கம்பிகளில் வரும் வழியில் இழப்பது எல்லாம் போக, மின் நிலையத்தில் 0.2 யூனிட் உற்பத்தி செய்தால்தான் அந்த 0.15 என் சக்கரத்துக்கு வந்து சேரும். இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.72 கிலோ கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. நிலக்கரி தோண்டும்போது வெளியாவதையும் கொஞ்சம் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 150 கிராம்.

ஆக, வித்தியாசம் 50 கிராம். மச்சான் சிரித்தார், "இவ்வளவுதானா?" என்று.

இவ்வளவுதான். அதிலும் மின்கார் கடனோடுதான் பிறக்கிறது. பேட்டரி தயாரிப்பில் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. 30 யூனிட் பேட்டரி என்றால் நடுவாக 2.4 டன். கிலோமீட்டருக்கு 50 கிராம் வீதம் அடைத்தால், கடன் தீர 48,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருடத்துக்கு 12,000 ஓடினால் நான்கு வருடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து வருடம் 4,000 ஓட்டினால் பன்னிரண்டு வருடம். அதற்குள் பேட்டரிக்கே வயதாகிவிடும். ஷெட்டில் கவர் போட்டு நிற்கும் மின்கார், கார்பன் கணக்கில் வெறும் கடன்காரன்.

ஊர் மாறினால் விடையும் மாறுகிறது. ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2021-இல் வெளியிட்ட கணக்கில், வாழ்நாள் முழுதும் சேர்த்துப் பார்த்தால் மின்கார் பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவாக வெளியிடுகிறது. சீனாவில் 37 முதல் 45. இந்தியாவில் 19 முதல் 34. கார் தயாரிப்பாளர்களே மறைப்பதில்லை: வோல்வோ தன் சி40 மின்காரைப் பற்றி அதே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், உலகச் சராசரி மின்சாரத்தில் ஓட்டினால் 1,10,000 கிலோமீட்டருக்குப் பிறகுதான் பெட்ரோல் காரை முந்தும், காற்றாலை மின்சாரம் என்றால் 49,000 போதும் என்றது.

உண்மையில் எனக்குச் சங்கடம் தந்தது வெறும் பெட்ரோல் கார் அல்ல, ஸ்ட்ராங் ஹைப்ரிட்: பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும், பிளக் செருகத் தேவையில்லாத கார். நகரத்தில் லிட்டருக்கு 22 கிடைத்தால், எல்லாம் சேர்த்தே 125 கிராம்தான். பேட்டரியும் சின்னது, கடன் இல்லை என்றே சொல்லலாம். இன்றைய இந்தியச் சராசரி கரண்டில் சார்ஜ் போடும் என் காரை அது தோற்கடிக்கிறது. விற்பனையாளர் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஹைப்ரிட்டின் 125 அதன் கடைசி நாள்வரை 125தான். என் 150, மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாக இறங்கும். எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதில்தான் பந்தயம். சிஎன்ஜியும் சுமார் இந்த ஹைப்ரிட் அளவுக்கு வரும், ஆனால் சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன்; கரியமில வாயுவைவிடப் பூமியை அதிகம் சூடாக்கும் அந்த வாயு வழியில் கசிந்தால் அதுவும் போச்சு.

எந்தக் காரை வாங்குகிறோம் என்பது பாதிதான். எப்போது பிளக் செருகுகிறோம் என்பது மீதி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஏசியும் டிவியும் போட்டிபோடும்போது செருகினால், சூரியன் போய்விட்டது; வருவது பெரும்பாலும் நிலக்கரி. ஆடி மாதம் நள்ளிரவில் செருகினால், அம்மியைப் பறக்கவைக்கும் அதே காற்று முப்பந்தலில் காற்றாலை இறக்கைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். மொட்டை மாடி சோலாரில் நேரடியாகப் போட்டால், பேனல் செய்தபோது வெளியானதையும் சேர்த்து, கிலோமீட்டருக்குப் பத்து கிராம்கூட வராது. பேட்டரிக் கடன் 13,000 கிலோமீட்டருக்குள் தீரும். ஹைப்ரிட்டை முந்தவும் ஏறக்குறைய 20,000 போதும். ஒரே சிக்கல், சூரியன் உச்சியில் இருக்கும்போது என் கார் ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கிறது.

இந்த சோலார் கணக்கை நீட்டியதும் மச்சான் காகிதத்தை இழுத்துக்கொண்டார். "மாடியில வர்ற கரண்ட லைனுக்கு விட்டிருந்தா, அங்க அவ்வளவு நிலக்கரி மிச்சமாகியிருக்குமே மாப்ள? அதையும் உங்க கார் கணக்குல எழுதுங்க."

இன்னும் எழுதவில்லை.