வர்க்கி அருமை, ஃபோர்மேன் பஞ்சாயத்து மட்டும் முடியாது: குன்னூரில் ஒரு டீக்கடை

டீயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்கு அப்புறம் பேச்செல்லாம் குத்துச்சண்டை பக்கம் போய்விடும். பெட்ஃபோர்டிலிருந்து கீழே இறங்கும் வழியில் இருக்கிற சின்னக் கடை. போர்டு மழையில் வெளுத்துப் போய்ப் பெயரே தெரியாது, 'பாக்ஸிங் கடை' என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஸ்ட்ராங் என்று சொன்னால் நிஜமாகவே ஸ்ட்ராங்காக வரும், சீசனுக்கு வருகிறவர்கள் தலையில் கட்டுகிற சாயத்தண்ணி இல்லை. வர்க்கி பக்கத்து பேக்கரியிலிருந்து தகர டின்னில் வருகிறது, கடித்தால் அடுக்கடுக்காக உதிர்ந்து ஸ்வெட்டர் பூராவும் தூளாகிவிடும், டீயில் முக்கித் தின்பதுதான் உத்தமம். சாயங்காலம் போடுகிற மிளகாய் பஜ்ஜி சுமார், எண்ணெய் குடிக்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் ஒரு பழைய டிவி, அதில் கிரிக்கெட்டும் ஓடாது, சீரியலும் ஓடாது. கடைக்கார அண்ணா தன் செல்லிலிருந்து பழைய ஹெவிவெயிட் சண்டைகளைப் போட்டுக்கொண்டே இருப்பார். வெலிங்டன் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆன ஆட்கள் வந்து உட்காருகிற இடம் என்பதால் சண்டை போடத் தெரிந்தவர்களும் உண்டு, சண்டையைப் பற்றிப் பேச மட்டும் தெரிந்த என் மாதிரி ஆட்களும் உண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர் ஜார்ஜ் ஃபோர்மேன் 76 வயதில் இறந்ததிலிருந்து பேச்சு அவரை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. அவர் வாழ்க்கையின் பெரிய தருணம் எது, உண்மையிலேயே பெரிய சாம்பியன்தானா, இதுதான் பஞ்சாயத்து.

அண்ணாவின் கட்சி 1994. நவம்பர் 5, லாஸ் வேகஸ், எதிரில் 26 வயது மைக்கேல் மூரர், ஒரு சண்டையும் தோற்காதவர், அந்த வருஷமே அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டைத் தோற்கடித்து சாம்பியன் பெல்ட் வாங்கியவர். ஃபோர்மேனுக்கு 45. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் கின்ஷாசாவில் முகமது அலியிடம் அடிபட்டபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரைப் போட்டுக்கொண்டு ஏறினார். அன்று அலியின் கார்னரில் நின்ற பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ இந்தத் தடவை இவர் கார்னரில். மூன்று ஜட்ஜ் கணக்கிலும் பின்தங்கியிருந்தவர் பத்தாவது ரவுண்டில் குட்டையாக ஒரு வலது கை விட்டார், மூரர் எழுந்திருக்கவில்லை. அந்த அடியை அண்ணா செய்துகாட்டுவார் பாருங்கள், அதைப் பார்க்கவே போகலாம்: டீ வடிகட்டுகிற துணியை இடது கையில் தூக்கிப் பிடித்து ஜாப் ஜாப் என்று இரண்டு தடவை ஆட்டிவிட்டு, வலது முழங்கையை விலாவை விட்டுப் பிரிக்காமலேயே ஒரு சாண் தூரத்துக்கு இடிப்பார். டிகாஷன் நாலு சொட்டு கவுண்டரில் இருக்கிற ஆள் மேல் தெறிக்கும். வெள்ளைச் சட்டையோடு முன்னால் நிற்காதீர்கள்.

ரெஜிமென்ட் அளவில் குத்துச்சண்டை ஆடிய ஒரு ஹவில்தார் சார் இதையெல்லாம் காதில் வாங்கவே மாட்டார். "நாலு ரவுண்டு தாண்டி எதிராளி நின்னான்னா ஃபோர்மேன் காலி, அவ்வளவுதாங்க" என்பார். 1974ல் அலி கயிற்றில் சாய்ந்தே அடியெல்லாம் வாங்கிக்கொண்டு, இவர் சோர்ந்ததும் எட்டாவது ரவுண்டில் கவிழ்த்தார். 1977ல் ஜிம்மி யங்கிடமும் பாயிண்ட்ஸில் தோல்வி. மூரரை வென்ற பிறகு ஜெர்மன்காரர் ஆக்செல் ஷுல்ஸுடன் 1995ல் ஆடியதில் ஜட்ஜுகள் கைகொடுத்ததால்தான் தப்பித்தார் என்று சொல்லாதவர் குறைவு, மறுபடி ஆடச் சொன்னபோது மாட்டேன் என்றதில் பெல்ட்டும் போயிற்று. ஹவில்தார் சாரிடம் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் எல்லாமே நடந்த விஷயம்.

இன்னொரு கோஷ்டி 1973ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த சண்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அலியையே தோற்கடித்த ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் விழவைத்தாரே, அதைவிட என்ன வேண்டும் என்பார்கள். பார்க்க பயமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 24 வயசு முரட்டுப் பலம், அவ்வளவுதான்.

என் கட்சி 1991, அதுவும் தோற்ற சண்டை. பத்து வருஷம் கையுறையையே தொடாமல் போதகராக இருந்துவிட்டு, ஹூஸ்டனில் தான் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் வேண்டும் என்று 1987ல் திரும்பி வந்தவர். தொந்தியைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் மோதிய ஆட்களும் பெரும்பாலும் உப்புக்குச் சப்பாணிகள்தான். அப்புறம் 42 வயதில், அப்போது தோல்வியே அறியாத ஹோலிஃபீல்டை எதிர்த்து அட்லாண்டிக் சிட்டியில் பன்னிரண்டு ரவுண்டும் நின்றார். இளம் வயதில் மூச்சு வாங்கித் தோற்ற ஆள், வயசான பிறகு முழு சண்டையையும் முடித்துவிட்டுத் தன் காலில் இறங்கிப் போகிறார். ஹவில்தார் சாரின் 'நாலு ரவுண்டு' கணக்குக்கு இதுதான் பதில், 1994ல் பத்தாவது ரவுண்டு வரை பொறுமையாகக் காத்திருக்க முடிந்ததும் இந்தச் சண்டையில் கற்றதால்தான் என்பது என் எண்ணம். இதைச் சொன்னால் அண்ணா "தோத்ததைப் போய்ப் பெருமை பேசுறீங்களே" என்று சர்க்கரை போடாமல் டீ கொடுத்துவிடுவார்.

மூலை பெஞ்சில் ஒரு பெரியவர். 1980ல் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிப் போட்டி ஆடினாரே, அதை நேரில் பார்த்தவராம். வாதம் சூடேறினால் "நான் அலியைப் பார்த்தவன்" என்று மட்டும் சொல்வார், எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். இது நியாயமே இல்லை.

சாண்ட்விச்சும் உண்டு. அதை அழுத்துகிற மெஷினுக்கு அண்ணா வைத்த பெயர் ஃபோர்மேன். ரிங்கில் சம்பாதித்ததைவிட அந்த மனிதர் கிரில் என்கிற சமையல் மெஷினுக்குத் தன் பெயரைக் கொடுத்துச் சம்பாதித்ததுதான் அதிகம், 1999ல் பெயர் உரிமையை மட்டும் 13 கோடியே 75 லட்சம் டாலருக்கு விற்றார். சாண்ட்விச் நன்றாகவே இருக்கிறது, சீஸ் கேட்டு வாங்குங்கள்.

குறை என்று பார்த்தால் வேகம். பத்தாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தால் ஆர்டர் எடுக்க ஆள் கிடையாது, மேட்டுப்பாளையத்துக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் போகாதீர்கள். குடும்பத்தோடு உட்கார இடம் போதாது, டாய்லெட் கிடையாது, வண்டி நிறுத்தவும் வசதி இல்லை. ஜிபே உண்டு. ஐந்துக்கு நாலு ஸ்டார் தருகிறேன், பஜ்ஜி எண்ணெயைச் சரிசெய்தால் மீதி அரையைப் பற்றி யோசிக்கலாம். இன்னொரு அரை அந்தச் சர்க்கரை இல்லாத டீக்காக.