5ஆம் எண் சாமணம்: மூன்று வருடம் பிடித்துப் பார்த்த பிறகு

நிபார்கஸ் என்பது குகைத் தண்ணீரில் வாழும், கண்ணும் நிறமும் இல்லாத, கூனி மாதிரியான பிராணி. 1847இல் டென்மார்க்கின் விலங்கியலாளர் ஷியோட்டே, ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னா வட்டாரக் குகைகளில் கண்ட ஒன்றை விவரித்தார். இன்று 400க்கும் மேற்பட்ட இனங்கள். அந்தக் கணக்கில் இன்னொன்றைச் சேர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் என் படிப்பு. இதற்கு நுண்ணோக்கிதான் உயிர் என்று நினைத்து வந்தேன். இல்லை, சாமணம். வாட்ச் ரிப்பேர் கடையில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

முதலில் வாங்கியது ஆறு சாமணம் சேர்ந்த மலிவுப் பெட்டி. வெறுங்கண்ணுக்கு நுனிகள் பொருந்தித்தான் இருந்தன. நுண்ணோக்கியின் கீழே கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அன்று கிளிசரின் சொட்டில் கிடந்தது 4 மி.மீ. ஆண், அந்தக் குட்டையில் கிடைத்த ஒரே ஆண். வால்முனையில் இருக்கும் மூன்றாம் யூரோபாட் என்ற வால்கால் ஜோடியில், ஒரு பக்கத்தது வலையிலேயே ஒடிந்துவிட்டது. மிச்சமிருந்ததைப் பிடித்தேன். நுனி வழுக்கி எங்கோ தெறித்துப் போயிற்று. பல இனங்களில் ஆணுக்கு நீண்டிருப்பது அந்த உறுப்புதான். மேசையை இரவு பத்து மணி வரை தடவினேன். கிடைக்கவில்லை.

அப்புறம்தான் 35 யூரோ கொடுத்து சுவிஸ் தயாரிப்பான இந்த 5ஆம் எண் சாமணத்தை வாங்கினேன். 11 செ.மீ. நீளம், நுனி 0.1 மி.மீ. லேசாக அழுத்தினாலே மூடுகிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் விரல் நோகவில்லை. கால்களை, உடம்போடு சேரும் இடத்திலுள்ள அடித்தட்டோடு முழுசாக எடுக்க முடிகிறது. தாடையின் உணர்கொம்பில் வரிசையாக நிற்கும் மயிர்முட்களை ஏ, பி என்று குழு பிரித்து எண்ணுவோம். ஒன்று முறிந்தாலும் எண்ணிக்கை பொய்யாகிவிடும். இதில் பிடித்து இதுவரை முறியவில்லை.

ஐந்துக்கு நாலு மதிப்பெண்தான் தருவேன். நுனி அவ்வளவு மென்மை. கண்ணாடித் தட்டில் ஒருமுறை இடித்ததற்கே வளைந்துவிட்டது. எண்ணெய்க்கல்லில் தீட்டி நிமிர்த்த முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வாயுறுப்புகளைப் பிரிக்க இதுவும் தடிமன்தான், பூச்சிகளைக் குத்திவைக்கும் மெல்லிய ஊசியைக் குச்சியில் செருகி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்ஸின் நிபார்கஸ் விரேயி நூறு வருடத்துக்கு மேல் ஒரே இனமாகத்தான் இருந்தது. 2006இல் டிஎன்ஏவைப் பார்த்தால் மூன்று! முள்ளை எண்ணி அதைப் பிடித்திருக்க முடியாது. அதனால் எந்தப் பிராணியையும் பிரிப்பதற்கு முன்பே ஒரு காலைக் கழற்றி 96% எத்தனாலில் போட்டுவிடுகிறேன். கழற்றுவதும் இதே சாமணம்தான்.

வாங்குபவர்கள் நுனியில் வரும் பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். என்னுடையது போய்விட்டது, இப்போது பால்பாயின்ட் ரீஃபிள் துண்டை மாட்டி வைத்திருக்கிறேன்.