ஓலைக்குடாவா, குந்துகாலா? கரையிலிருந்தே பவளம் பார்க்க

மாட்டுத்தாவணியில் நள்ளிரவு தாண்டி பஸ் ஏறினால் விடியும்போது ராமேஸ்வரம். படகு ஏறாமல், கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கிப் பவளம் பார்க்க ஆசைப்படும் மதுரைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றைத்தான். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு குளம்போலக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் வடக்கு கலங்கிவிடும்.

என் ஓட்டு வடக்கே இருக்கும் ஓலைக்குடாவுக்கு. அங்கே பவளப்பாறைத் திட்டு, ஊர்ப் பேச்சில் 'பார்', கரைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆழமும் அதிகமில்லை. ஸ்கூபா சிலிண்டருக்குக் காசு கொடுப்பது வீண். முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். ஊர் மீனவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள், நீரோட்டம் அவருக்குத்தான் தெரியும்.

முதல் தடவை நான் தாழையை (கடல்புல்லைத்தான் இங்கே தாழை என்கிறார்கள்) மிதித்துக்கொண்டு நேராகப் பாருக்கு ஓடினேன். உருண்டைப் பவளங்களையும் கிளிமீன்களையும் பார்த்துவிட்டு, அரை மணியில் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே என்று திரும்பினேன். அடுத்த முறை கூட வந்த மீனவர் தாழைக்கு மேலே அசையாமல் மிதக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஓரா மீன் குஞ்சுகள் கூட்டமாக வந்தன. ஒரு தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு கடல்குதிரை. மணல், தாழை, பார் என்று ஒரே இடத்தில் மூன்று உலகம். இடம் மாற்ற வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

தெற்குக் கரையில் இருக்கும் குந்துகால் பக்கம் பவளம் இல்லாமல் இல்லை. மான்கொம்புப் பவளத்துக்கு மன்னார் வளைகுடாதான். ஆனால் அந்தப் பார்கள் தீவுகளைச் சுற்றி இருக்கின்றன. 1986 முதல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்க முடியாது. ஆக அது படகுப் பயணம். தூத்துக்குடிக்கும் இதே கதைதான்.

2016 கோடை வெப்பத்தில் இரண்டு பக்கமும் பவளம் வெளுத்து நலிந்தது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், பார் மேல் நிற்காதீர்கள். உடைந்த துண்டையும் எடுக்காதீர்கள். கடல்குதிரையும் கடல் அட்டையும் பவளமும் 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன.

ஒரே பயணம்தான் முடியும் என்றால் பிப்ரவரி, மார்ச். காலையில், காற்று எழும் முன் ஓலைக்குடாவில் இறங்கிவிடுங்கள்.