பூம்பாறையில் வாங்கிய மலைப்பூண்டு

கொடைக்கானல் மேல்மலையில், படிக்கட்டு வயல்களுக்கு நடுவே அமைந்த பூம்பாறையில், குழந்தை வேலப்பர் கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியில், ஒரு சிறு கடையில் இரண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கினேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது.

பூண்டு நன்கு பற்களாகப் பிரியக் குளிர் வேண்டும். சமவெளியின் வெப்பத்தில் எளிதில் வாய்க்காத அந்தக் குளிரை, மார்கழி, தை மாதங்களில் உறைபனி இறங்கும் இம்மலை தாராளமாகவே தருகிறது. பற்கள் சிறியவை, உரிப்பதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் இரண்டு பல்லைத் தட்டி ரசத்தில் போட்டாலே வீடு முழுவதும் மணக்கிறது, காரமும் நாவில் நெடுநேரம் நிற்கிறது. என் தாயார் பாலில் வேகவைத்துச் சாப்பிட இதைத்தான் கேட்கிறார்.

ஒரு குறையும் உண்டு. பையின் அடியில் இருந்த சில பூண்டுகள் சரியாக உலராமல் இருந்ததால் பத்து நாளில் பூசணம் பிடித்தன. மேகம் தரையைத் தொட்டு நிற்கும் ஊரில் எதையும் உலர்த்துவது கடினம்தான். அதனாலேயே அங்கே பூண்டை அதன் தண்டோடு கட்டிப் புகையில் தொங்கவிடுகிறார்கள். புகையேறிப் பழுப்பு நிறம் கொண்ட பூண்டைக் கேட்டு வாங்குங்கள். சந்தைப் பூண்டைவிட விலை அதிகமென்றாலும், அது மாதக்கணக்கில் கெடாது.