ஊட்டியில் ‘உணவும் கலையும்’ சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

உதகமண்டலத்தில் ‘நீலகிரியின் உணவும் கலையும்’ என்ற பெயரில் ஒருநாள் சுற்றுலா நடத்தும் முகவர் ஒருவரிடம் தலைக்கு 2,200 ரூபாய் கட்டி எங்கள் குடும்பம் ஏமாற்றப்பட்டது. விடுமுறைக்கு மலையேறவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் முகவரின் பெயரையும் கடைகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

தோடர்களின் சிற்றூரான மந்து ஒன்றில் பெண்கள் துணியில் பூவேலை செய்வதை நேரில் காண்பது, கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் ஓவியர் ஒருவருடன் உரையாடுவது, படுகர் வீட்டில் கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்புமாக மதிய உணவு, விறகு அடுப்பில் வர்க்கி என்னும் மொறுமொறுப்பான ஊட்டித் தின்பண்டம் சுடும் அடுமனை ஆகியவை வாட்ஸ்அப்பில் வந்த நிகழ்ச்சி நிரலில் இருந்தன. இவற்றுள் ஒன்றுகூட நடக்கவில்லை. மந்துவில் அன்று துக்கம் என்றும், ஓவியர் வெளியூர் போய்விட்டார் என்றும், கோத்தகிரிச் சாலையில் நெரிசல் என்றும் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநரிடம் ஒரு காரணம் ஆயத்தமாக இருந்தது. படுகர் உணவு என்று எங்களுக்குக் கிடைத்தது சாலையோர உணவகம் ஒன்றின் வெஜிடபிள் பிரியாணி. மாலைவரை நாங்கள் இறக்கிவிடப்பட்டதெல்லாம் கடைகளில்தான். ஒவ்வொரு கடையிலும் நாங்கள் பொருள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஓட்டுநர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அது கமிஷன் கணக்கு என்பதை விளக்கத் தேவையில்லை.

பெரிய இழப்பு சால்வையில் நேர்ந்தது. ‘அசல் தோடர் பூவேலை, புவிசார் குறியீடு பெற்றது’ என்று சொல்லி 4,800 ரூபாய்க்கு ஒரு சால்வையை விற்றார்கள். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லி எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்பது ஊட்டிக் கடைவீதியில் ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது. தோடர் பெண்கள் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில், பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு நூல்களால், வரைபடமோ அச்சோ துணியை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டமோ இல்லாமல், துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி ஊசியால் நிரப்பிக்கொண்டே போவார்கள். நெய்ததுபோல் அவ்வளவு நெருக்கமாக அமையும் அந்த வேலைப்பாட்டை இரு புறமும் பயன்படுத்தலாம். அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்னும் போர்வையில் இதைக் காணலாம். கையால் இழையெண்ணிச் செய்வதால் ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு தேவைப்படுகிறது. ஆகவே ஒரே வடிவத்தில், ஒரே அளவில் நாற்பது சால்வைகள் அடுக்கடுக்காக மடித்து வைக்கப்பட்டிருந்தால் அங்கேயே ஐயம் எழ வேண்டும்.

எங்கள் சால்வையை ஊர் திரும்பியபின் துணி வணிகம் தெரிந்த உறவினர் ஒருவர் புரட்டிப் பார்த்தார். பின்புறத்தில் பூவேலை முழுவதற்கும் ஒரே வெள்ளை நூல் ஓடியிருந்தது. அது இயந்திரத்தின் அடிநூல். பூக்களைச் சுற்றி, தையலின்போது துணி சுருங்காமல் இருக்க ஒட்டிய தாள்போன்ற பொருளின் கிழிசல்களும் தெரிந்தன. ஓரத்து இழை ஒன்றை உருவித் தீயில் காட்டியதும் அது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. பருத்தி என்றால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகியிருக்கும். கடையிலேயே தீ வைத்துப் பார்க்க முடியாதுதான், ஆனால் துணியைப் புரட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. தடுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

குறும்பர் ஓவியம் என்று காட்டியவையும் இதே தரத்தில்தான் இருந்தன. மண், இலை, மரப்பட்டை, வேங்கை மரப் பிசின் ஆகியவற்றிலிருந்து நிறம் எடுப்பதே அந்த மரபு. எங்களுக்குக் காட்டப்பட்டவையோ பளீரென்ற நீலமும் ஊதாவும் கொண்ட அச்சுப்படிகள். நல்லவேளையாக அவற்றின் விலையே எங்களைத் தடுத்துவிட்டது.

உணவுப் பொருளில் நடக்கும் ஏமாற்று சிறியதாகத் தெரிந்தாலும், எண்ணிக்கையில் அதற்கே பலியாகிறவர்கள் அதிகம். ‘ஹோம்மேட் சாக்லேட்’ என்று கிலோக்கணக்கில் விற்பவற்றுள் பலவும் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்ட்’ கட்டிகளை உருக்கி அச்சில் ஊற்றியவை. கோக்கோ வெண்ணெய் உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டிலேயே இளகுவதால் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரையும். காம்பவுண்டு மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். காம்பவுண்டு விற்பது குற்றமில்லை, அதைச் சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்பதுதான் மோசடி. நாங்கள் வாங்கிய பொட்டலத்தில் சேர்மானப் பட்டியலும் இல்லை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. வர்க்கியை அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடைபோட்டார்கள். வீட்டில் எடைபோட்டபோது ஒரு கிலோவில் ஏறத்தாழ 120 கிராம் வெறும் அட்டை. நிகர எடையில் பெட்டியைச் சேர்ப்பது சட்டப்படி தவறு, அதைக் கேட்கவேண்டிய இடம் எடை, அளவைகளைச் சோதிக்கும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்.

எல்லாக் கடைகளிலும் ரசீதுக்குப் பதிலாக ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டே கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் உள்ள ரசீதில், ‘தோடர் கைப்பூவேலை, பருத்தி’ என்று பொருளின் விவரத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். போலி விற்பவர் அதை எழுதமாட்டார். நாங்கள் கேட்டபோது ‘சால்வை – 1’ என்பதற்கு மேல் எழுத மறுத்துவிட்டார்கள். பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தியதும், முகவரின் நிரல் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருப்பதுமே இப்போது எங்களுக்கு ஆதாரம்.

முகவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘வண்டி ஓடியது அல்லவா?’ என்று பதில் வந்தது. அதன்பின் எங்கள் எண்ணைத் தடைசெய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதற்கும் அவர் இசையாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லவிருக்கிறோம். வழக்குக்காக மீண்டும் மலையேற வேண்டுமே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். அதுவரை சால்வையைத் துவைக்காமலும், சாக்லேட் பொட்டலத்தின் உறையை எறியாமலும் வைத்திருங்கள்.