டூல் பாக்ஸ்: கையில் தூக்குவதா, உருட்டுவதா?

எந்தப் பழைய பட்டறைக்குப் போனாலும் ஒரு மூலையில் ஒதுக்கிப் போட்ட டூல் பாக்ஸ் ஒன்று கிடக்கும். அதைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். உடம்புத் தகடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கீழ் டிராயர் பாதி வழியில் சிக்கி நிற்கும், ஒரு சக்கரம் சாய்ந்திருக்கும், சாவி சுற்றும் ஆனால் பூட்டு விழாது. பெட்டி கெடுவது அசையும் இடங்களில்தான். கடையில் நாம் தட்டித் தட்டிப் பார்ப்பதோ அசையாத தகட்டை.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதலில் வாங்கிய சக்கரப் பெட்டியின் தகடு நல்ல கனம். இரண்டே வருடத்தில் சாக்கெட் அடுக்கியிருந்த டிராயரின் ஸ்லைடு (டிராயர் ஓடும் பக்கப் பட்டை) பிரிந்து, உள்ளே இருந்த பேரிங் குண்டுகள் தரையில் சிந்தின. மாற்று ஸ்லைடு கிடைக்கவில்லை. ரிவெட் அடித்து இறுக்கியிருந்ததால் கழற்றவும் வழியில்லை. அன்று முதல் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் "இதில் எது முதலில் தேயும், தேய்ந்தால் மாற்ற முடியுமா?" என்றுதான் பார்க்கிறேன். கீழே உள்ள ஒப்பீடு எல்லாம் அந்தக் கண்ணோடு எழுதியது.

எதை வாங்குவது என்பதற்கு முன் ஒரு கேள்வி. வண்டி உங்களிடம் வருகிறதா, நீங்கள் வண்டியைத் தேடிப் போகிறீர்களா? இதற்குப் பதில் சொன்னாலே பாதிப் பெட்டிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

தேடிப் போகிறவருக்கு

இங்கே போட்டி இரண்டுக்கு நடுவில். ஒன்று, கைப்பிடியை விரித்தால் இரு பக்கமும் படிபோலத் தட்டுகள் விரியும் இரும்புப் பெட்டி. ஐந்து தட்டு வகையைப் பார்க்காத மெக்கானிக் இருக்க மாட்டார். இன்னொன்று, ஒன்றின் மேல் ஒன்று பூட்டி அடுக்கும் கனமான பிளாஸ்டிக் பெட்டிகள். மில்வாக்கி பேக்அவுட், டிவால்ட் டஃப்சிஸ்டம் போன்றவை இந்த வகை.

இரும்புத் தட்டுப் பெட்டியின் பெரிய பலம், ஒரே அசைவில் எல்லாமே கண்முன் விரிவது. ஸ்பேனர் ஒரு தட்டு, ஸ்க்ரூடிரைவர் ஒரு தட்டு, அடியில் சுத்தியலும் ராட்செட்டும். தேட வேண்டியதே இல்லை. அதில் ஸ்லைடு கிடையாது, சக்கரம் கிடையாது. தட்டுகளைத் தாங்குவது பட்டைகளும் ரிவெட்டுகளும் மட்டும். வருடக் கணக்கில் பாரம் தாங்கி ரிவெட் ஓட்டை அகலும், தட்டு தொங்கும், ஒன்றோடொன்று இடித்து மூடாமல் நிற்கும். அப்போது பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, போல்ட்டும் நைலான் லாக் நட்டும் வாஷரும் போட்டால் பெட்டி மறுபடி எழுந்துவிடும். மெக்கானிக் தன் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

குறையும் உண்டு. வெறும் பெட்டியே பல கிலோ கனக்கும். நிறைத்தால் 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இரு பக்கமும் விரிய இடம் வேண்டும், எனவே வண்டிக்கும் சுவருக்கும் நடுவிலான இடுக்கில் கஷ்டம். மழையில் நனைந்தால் துரு. மூலை பட்டால் வண்டி பெயிண்டில் கீறல்.

பிளாஸ்டிக் பெட்டி இந்த நான்கில் பாதிக்கு மேல் தீர்த்துவிடுகிறது. துருப் பிடிக்காது, பெயிண்டைக் கீறாது, பேட்டரி பக்கத்தில் வைத்தாலும் ஷார்ட் ஆகும் பயமில்லை. மூடியில் ரப்பர் கேஸ்கெட் உள்ள நல்ல பெட்டிகளுக்கு ஐபி65 தரம் இருக்கும். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே போகாது, அடுத்த 5 என்றால் தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். ஆனால் அந்த இறுக்கமே ஒரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. ஈரமான ஸ்பேனரைத் துடைக்காமல் உள்ளே வைத்து மூடினால் ஈரமும் உள்ளேயே அடைபடும். வெளியே பெட்டி புத்தம் புதிதாக இருக்க, உள்ளே கருவிகள் பழுப்பேறிக் கிடக்கும். இதற்குச் சிலிக்கா ஜெல் பையோ, துரு தடுக்கும் விசிஐ தாளோ உள்ளே போட்டே ஆகவேண்டும்.

இன்னொன்று, அடுக்கில் அடிப்பெட்டி வேண்டுமென்றால் மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். டிராயர் வைத்த பெட்டிகள் இதற்கு மருந்து, கனமும் கூடிவிடும். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொன்றின் பெட்டியோடு பொதுவாகப் பூட்டாது, ஆக ஒருமுறை இறங்கினால் அந்தக் குடும்பத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் பொருள். மலிவான பெட்டிகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதில் சாதாரண ரகம் உறையும் குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெயிலில் வருடக் கணக்கில் கிடந்தால் வெளுத்து வெடிக்கும். கொக்கி உடைந்தால் அதே மாடலின் கொக்கிதான் வேண்டும். மாடல் நின்றுபோனால் பெட்டியும் நின்றுபோனதுதான்.

என் தீர்ப்பு: மழை, சேறு, திறந்த வண்டியில் பயணம் என்றால் கேஸ்கெட் வைத்த பிளாஸ்டிக். மற்றபடி இரும்புத் தட்டுப் பெட்டி. அலுமினியப் பெட்டி அழகு, எடையும் குறைவு; அதே கனத் தகட்டில் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு எடைதான். வளையாமல் நிற்கும் சக்தியும் அதே மூன்றில் ஒரு பங்கு என்பதால் கையில் தூக்கும் தொழிலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வண்டி உங்களிடம் வந்தால்

பட்டறையில் நின்று வேலை செய்கிறவருக்கு மூன்று வழி. திறந்த மூன்றடுக்குத் தள்ளுவண்டி, டிராயர் வைத்த சக்கரக் கேபினட், அந்தக் கேபினட்டின் மேல் இன்னொரு பெட்டியை ஏற்றிய இரட்டை மாடி.

தள்ளுவண்டி கைக்கு வேகம், ஆனால் பூட்டில்லை, தூசிக்குத் தடையில்லை. அது கேபினட்டுக்குத் துணை; தனியாக நின்று கேபினட் வேலையைப் பார்க்காது.

இரட்டை மாடி பார்க்கக் கம்பீரம். இடம் குறைந்த பட்டறையில் அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் நெஞ்சுக்கு மேல் உயரத்தில் இருக்கும் டிராயரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, கையால் துழாவ வேண்டும். பாரம் மேலே ஏறியதால் உருட்டும்போது ஆட்டம் அதிகம். தரைக் குழியில் ஒரு சக்கரம் இறங்கினால் கவிழும் பயம். அதே அளவு டிராயர் இடம் வேண்டுமென்றால் உயரமாக வாங்குவதைவிட அகலமாக வாங்குவது நல்லது. அகலக் கேபினட்டின் மேல்பரப்பு வேலை மேசையாகவும் உதவும். பிரித்த கார்புரேட்டரை எங்கே வைப்பது என்று தேட வேண்டாம்.

டிராயர் ஆழத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆழமான டிராயர் நிறைய கொள்ளும் என்று நினைப்பு. உண்மையில் ஸ்பேனர், சாக்கெட், பிளையர் எல்லாம் 50 முதல் 75 மி.மீ. உயரத்தில் அடங்கிவிடும். 150 மி.மீ. டிராயரில் அவற்றைப் போட்டால் மூன்று அடுக்காகக் குவியும், அடியில் இருப்பது மறந்துபோகும். ஆழமில்லாத டிராயர்கள் நிறைய, ஆழமானவை ஒன்றிரண்டு மட்டும், அதுவும் அடியில், பேரிங்கை இழுத்தெடுக்கும் கனமான புல்லருக்கும் ஏர் கன்னுக்கும். இந்த அமைப்புள்ள கேபினட்டைத் தேடுங்கள்.

ஸ்லைடுதான் உயிர்

டிராயர் ஓடுவதில் இரண்டு வகை. தகட்டின் மேல் தகடு உரசி நகர்வது ஒன்று. இரண்டு பட்டைகளுக்கு நடுவே குண்டுகள் உருள்வது இன்னொன்று.

உரசும் வகையை எல்லாரும் மட்டமாகப் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1911-இல் தொடங்கிய அமெரிக்காவின் கென்னடி கம்பெனி, லேத் வேலைக்காரர்களுக்காகச் செய்த பழுப்பு நிறப் பெட்டிகளில் இந்த எளிய வழிதான். மைக்ரோமீட்டரும் வெர்னியரும் வைக்கும் லேசான டிராயர்கள் என்பதால் பல பத்தாண்டுகள் ஓடின. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. ஆனால் அதே அமைப்பில் கனமான அரை அங்குல டிரைவ் சாக்கெட் செட்டை ஏற்றினால் டிராயர் முரண்டு பிடிக்கும், ஒருபக்கமாக இழுக்கும், ஓரம் தேயும்.

வண்டி மெக்கானிக்குக் குண்டு ஸ்லைடுதான் வேண்டும். சாதாரணமாக ஒரு டிராயருக்கு 45 கிலோ என்று போட்டிருக்கும். கனமான கேபினட்டில் பக்கத்துக்கு இரட்டை ஸ்லைடு வைத்து 90 கிலோ வரை தருவார்கள். இந்த எண் பாரம் சமமாகப் பரவியிருந்தால் மட்டும் பொருந்தும். நான் போட்டிருக்கும் எண்ணில் பாதியை என் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். டிராயர் முழுவதும் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். முக்கால்வாசி மட்டும் வரும் டிராயரில் பின்பக்கம் என்றென்றைக்கும் இருட்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்லைடு எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பது. பக்கத்தில் சின்ன நெம்புகோலை அழுத்தினால் டிராயர் கழன்று வருகிறதா? ஸ்லைடு கொக்கிபோல ஓட்டையில் மாட்டியோ ஸ்க்ரூ போட்டோ இருக்கிறதா, ரிவெட் அடித்திருக்கிறதா? கழற்ற முடிந்தால் வருடத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விடலாம். கிரைண்டர் தூளும் கிரீஸும் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி குண்டுகளை அரைக்கும். பல கேபினட்டுகளின் ஆயுளைக் குறைப்பது இந்தக் கலவைதான்.

தகடு, பெயிண்ட், சக்கரம், பூட்டு

தகட்டில் கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 22 கேஜ் என்றால் சுமார் 0.76 மி.மீ., 20 என்றால் 0.91, 18 என்றால் 1.2. வளையாமல் நிற்கும் சக்தி தடிமனின் கனமடங்கில் (தடிமனை மூன்று முறை எழுதிப் பெருக்கும் கணக்கில்) ஏறுவதால் 20-லிருந்து 18-க்குப் போனால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், விறைப்போ இரண்டு மடங்கையும் தாண்டும். அதே காரணத்தால் மடிப்பும் முக்கியம். ஓரம் இரட்டையாக மடித்து, அடியில் குறுக்குப் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்த 20 கேஜ் டிராயர், வெறுமனே வளைத்த 18 கேஜ் டிராயரைவிட நன்றாக நிற்கும். கேஜ் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். டிராயரைக் கழற்றி அடியைப் பாருங்கள்.

பவுடர் கோட்டிங் சாதாரண பெயிண்டைவிட நிச்சயம் மேல். ஆனால் பிரேக் ஆயில் பட்டால் அதுவும் இளகும், உடனே துடைக்க வேண்டும்.

சக்கரத்தில் விட்டம் பெரிதாக இருந்தால் ஏர் ஹோஸ் மேலேயும் தரை விரிசல் மேலேயும் ஏறி இறங்கும். 125 மி.மீ. நல்ல அளவு. சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும், பாலியூரித்தேன் தாங்கும். தாங்கும் எடையைக் கணக்கிடும்போது மொத்தத்தை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுங்கள், ஏனென்றால் மேடுபள்ளத் தரையில் எந்த நேரமும் ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும். கேபினட்டும் கருவிகளும் சேர்ந்து 360 கிலோ என்றால் ஒவ்வொரு சக்கரமும் 120 கிலோ தாங்க வேண்டும். பலகைபோன்ற அடித்தகட்டில் நேராகச் சக்கரத்தை முடுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அடியில் சேனல் சட்டம் இருக்க வேண்டும்.

பூட்டு திருடனை நிறுத்தும் என்று நம்பாதீர்கள், அது கை வைக்காமல் தடுக்கும் அவ்வளவுதான். அதைவிட அவசியம், உருட்டும்போது டிராயர் தானாக வெளியே வராமல் பிடிக்கும் கொக்கி. இரண்டு மூன்று கனமான டிராயர்கள் ஒரே நேரத்தில் முன்னால் வந்தால் முழுக் கேபினட்டும் ஆள்மேல் சாயும். ஒரு நேரத்தில் ஒரு டிராயர் மட்டும் திறக்கும் அமைப்பு இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தயங்க வேண்டாம்.

புது மலிவா, பழைய நல்லதா?

ஒரே பணத்துக்கு இரண்டும் கிடைக்கும் நிலை அடிக்கடி வரும். ஸ்னாப்-ஆன், ஹேசட் போன்ற பெயர்களின் பழைய கேபினட் ஒருபக்கம், பெயர் தெரியாத பளபளப்பான புதியது மறுபக்கம். நான் பழையதைத்தான் எடுப்பேன். கீறலும் ஸ்டிக்கர் பசையும் வேலைக்குத் தடையில்லை. ஸ்லைடும் சக்கரமும் இன்றும் கிடைக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். புதியதை எடுப்பதானால் வாரண்டித் தாளில் ஸ்லைடு, சக்கரம், பூட்டு மூன்றும் சேர்த்தியா என்று படியுங்கள். "உடல் பகுதிக்கு மட்டும்" என்றிருந்தால் கெடாத பாகத்துக்கு வாரண்டி தருகிறார்கள் என்று பொருள்.

பழையதைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். எல்லா டிராயரையும் ஒவ்வொன்றாக முழுக்க இழுத்து, முன்விளிம்பில் உள்ளங்கையால் அழுத்துங்கள். லேசாக வளையலாம், கரகரக்கக் கூடாது. அடி டிராயரை வெளியே எடுத்து, உள்ளே டார்ச் அடித்து, மூலைகளில் துரு உப்பியிருக்கிறதா, பூட்டுக் கம்பி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கேபினட்டைப் பத்தடி உருட்டி, சட்டென்று திருப்புங்கள். சாவி தொலைந்தால் மாற்று எடுக்க வசதியாக, சாவிமேல் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.