டோலமைட்ஸா, ஜூலியன் ஆல்ப்ஸா?

ஐரோப்பாவின் சுண்ணாம்புப் பாறை மலைகளில் ஒரே ஒரு முறைதான் நடக்க வாய்ப்பு என்றால், என் கணக்கில் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: வட இத்தாலியின் டோலமைட்ஸ், அதற்குக் கிழக்கே ஸ்லோவேனியாவின் ஜூலியன் ஆல்ப்ஸ். இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா, ஒரே யூரோ, நடுவில் காரில் சில மணி நேரப் பயணம். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே வெளிர் சாம்பல் பாறை. நடக்க ஆரம்பித்தால்தான் வேறுபாடு தெரியும், அதற்குப் பாதிக் காரணம் அந்தப் பாறையே.

டோலமைட்ஸின் பெரும்பகுதி அசல் சுண்ணாம்புக்கல் அல்ல, மக்னீசியம் சேர்ந்த டோலமைட். சுண்ணாம்புக்கல்லில் அமிலம் பட்டால் பொங்கும், இது அந்த அளவுக்குப் பொங்காது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டொலோமியூ என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கவனித்து எழுதினார், கல்லும் மலையும் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டன. மழைநீரிலும் இது சுலபத்தில் கரையாது. வெடித்து உடைந்து கோபுரம் கோபுரமாக நிற்கும், அடியில் சரளைச் சரிவு, அதற்கும் கீழே புல்வெளி. (அங்கே மிக உயரமான மார்மோலாடா, 3,343 மீட்டர், பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் என்பது தனி வேடிக்கை.) ஜூலியன் ஆல்ப்ஸின் உயர்ந்த பகுதிகளில் சுண்ணாம்புக்கல்லே அதிகம். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். கனின் மலைப் பக்கம் உள்ள ஒரு குகையில் 603 மீட்டர் ஆழத்துக்கு நேர் செங்குத்தாக ஒரே துளை இருக்கிறது.

நடப்பவருக்கு இதில் என்ன வந்தது? தண்ணீர். ஜூலியன் ஆல்ப்ஸின் மேல்மட்டத்தில் மழை பெய்து ஓய்ந்த பிறகும் ஓடையைத் தேடிப் பயனில்லை. மலைக் குடில்கள் பலவும் மழைநீரையும் பனிநீரையும் நம்பி ஓடுகின்றன, குடிக்கப் பாட்டில் வாங்க வேண்டியிருக்கும், குளியலை மறந்துவிடலாம். வெயில் நாளில் ஆளுக்கு மூன்று லிட்டர் சுமப்பது அதிகமில்லை. டோலமைட்ஸிலும் உயரத்தில் வறட்சிதான். ஆனால் அங்கே ‘ரிஃபூஜியோ’ எனும் குடில்கள் நெருக்கமாக இருப்பதால் பாட்டிலை நிரப்ப வழி கிடைக்கும். காசு கொடுத்தால் பல இடங்களில் வெந்நீர்க் குளியலும் உண்டு.

அப்புறம், மலை நம்மை உள்ளே விடும் விதம். டோலமைட்ஸ் தாராளம். த்ரே சீமே கோபுரங்களைப் பார்க்க அவுரோன்சோ குடில் வரை, அதாவது சுமார் 2,300 மீட்டர் உயரம் வரை, பேருந்திலேயே போய் இறங்கலாம். அங்கிருந்து கோபுரங்களைச் சுற்றிவரச் சுமார் 10 கிலோமீட்டர். மூச்சு வாங்காமல் இவ்வளவு பிரம்மாண்டம் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம். அதற்கு விலை கூட்டம்: ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பாதை திருவிழாத் தெரு போலிருக்கும். கூட்டம் பிடிக்காது, பல நாள் நடக்கத் தயார் என்றால் ‘அல்தா வியா 1’ இருக்கிறது. பிராயஸ் ஏரியிலிருந்து பெல்லூனோ பக்கம் வரை சுமார் 120 கிலோமீட்டர், குடிலுக்குக் குடில். ஆனால் படுக்கையைப் பல மாதம் முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

உயரம் கண்டால் கால் நடுங்குகிறவருக்கு எது நல்லது? நான் டோலமைட்ஸ் என்றுதான் சொல்வேன். கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள், ஏனென்றால் பார்க்க அதுதான் பயங்கரம். முதல் உலகப்போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் இந்தச் சிகரங்களில் மோதியபோது பாறையில் கம்பியும் ஏணியும் அடித்தார்கள், லகத்சுவோய் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். இன்றைய ‘வியா ஃபெராட்டா’ பாதைகளில் பல அந்த வழியில் வந்தவை. பெரும்பாலும் தொடர்ச்சியான இரும்பு வடம் இருக்கும், இடுப்புப் பட்டையின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டே ஏறலாம். உபகரணங்கள் அங்குள்ள கோர்த்தினா நகரில் வாடகைக்குக் கிடைக்கும். சுலபமானதில் தொடங்கி, முதல் முறை வழிகாட்டியோடு போங்கள்.

ஸ்லோவேனியாவில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி போட்ட சாதாரணப் பாதை என்று போவீர்கள், திடீரென்று பாறையில் நாலு இரும்பு முளை, கொஞ்ச தூரம் வடம், பிறகு வெறும் கை. கொக்கி மாட்ட ஒன்றும் இருக்காது. அறிவிப்புப் பலகையில் ‘மிகக் கடினம்’ என்று போட்டிருந்தால் அப்படியே நம்புங்கள்.

ஆனாலும் ஒரு சிகரம் ஏறினேன் என்ற நிறைவுக்கு ஜூலியன் ஆல்ப்ஸ்தான். 2,864 மீட்டர் ட்ரிக்லாவ் அந்த நாட்டின் கொடியிலேயே இருக்கிறது. 1778இல் முதலில் ஏறினார்கள். 1895இல் அல்யாஷ் என்ற பாதிரியார் உச்சி நிலத்தை விலைக்கு வாங்கி, அதில் ஒரு தகரக் கோபுரத்தையே நிறுத்தினார். முதன்முறை உச்சி தொடுபவருக்குக் கயிற்றால் பின்புறத்தில் விளையாட்டாக அடி விழும், அதுவும் வழக்கம். இரண்டு நாள் வைத்துக்கொண்டு, 2,515 மீட்டரில் உள்ள க்ரெடாரிட்சா குடிலில் இரவு தங்கி, காலையில் உச்சிக்குப் போவது நல்லது. ஹெல்மெட் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகிறவர் காலடியில் கல் உருளும்.

கயிறு கட்டிப் பாறை ஏறப் பழகுகிறவருக்கு டோலமைட்ஸின் சிங்க்வே தோர்ரி பாறைக் கோபுரங்கள் போதும். நாற்காலி லிஃப்டில் போய் இறங்கினால், கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடித்த ஏறுபாதைகள் பக்கத்திலேயே. ட்ரிக்லாவின் வடக்குச் சுவர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், அது கற்றுக்கொள்ளும் இடமல்ல.

செலவில் ஸ்லோவேனியா கொஞ்சம் இலகு, சாப்பாட்டில் சைவர்களுக்கு இத்தாலி இலகு. ஸ்லோவேனியக் குடில்களின் கெட்டிச் சூப்புகளான யோத்தா, ரிச்செத் இரண்டிலும் பன்றி இறைச்சி கிடக்க வாய்ப்பு அதிகம், கேட்டுவிட்டு வாங்குங்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய மாவுப் பண்டமான ஷ்த்ருக்லி பெரும்பாலும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

இரண்டிலும் குடில்கள் பொதுவாக ஜூன் கடைசியில் திறந்து செப்டம்பரில் மூடும், கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். செப்டம்பர் முதல் பாதியில், வார நாளாகப் பார்த்துப் போங்கள். சனிக்கிழமை ட்ரிக்லாவ் பக்கம் போனால் பாதி ஸ்லோவேனியா அங்கேதான் இருக்கும்.